அத்தியாயம் 6: பாடல் வெளியீட்டுக்கு ஒரே காட்சித் தொனி

ஒரு பாடல் தொகுப்பு வெளியாகும்போது அதைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு படங்களாவது வெளிவருகின்றன. முகப்புப் படம், அறிவிப்பு போஸ்டர், டீசர், லிரிக் வீடியோ, யூடியூப் தம்ப்நெயில், இன்ஸ்டாகிராம் ரீல்ஸ், பத்திரிகைகளுக்கு அனுப்பும் ஒளிப்படம், கச்சேரி மேடையின் பின்திரை என்று பட்டியல் நீளும். இவை வெவ்வேறு நாட்களில் வெவ்வேறு ஆட்கள் கையால் உருவாகின்றன. கேட்பவர் இவற்றை வரிசையாக வைத்துப் பார்ப்பதில்லை. திங்கட்கிழமை ஒரு ரீலைப் பார்க்கிறார், பத்து நாள் கழித்துத் தேநீர்க்கடைச் சுவரில் ஒரு போஸ்டரைப் பார்க்கிறார். இரண்டாவதைப் பார்த்ததும் முதலாவது நினைவுக்கு வரவேண்டும். அந்த நினைவைத் தருவதுதான் காட்சித் தொனி.

தொனியைத் தீர்மானிப்பவை நான்கு: நிறம், ஒளி, தூரம், எழுத்து. இந்த நான்கையும் தொடக்கத்திலேயே முடிவுசெய்து, கடைசிப் படம் வரை மாற்றாமல் காப்பாற்றுவதே இந்த அத்தியாயத்தின் பொருள். உதாரணங்கள் நீலகிரியிலிருந்து தரப்படுகின்றன. கேமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் அழகான படம் கிடைக்கும் ஊர் அது. எதை எடுப்பது என்பதைவிட எதை விடுவது என்பதே அங்கு கடினமான கேள்வி.

சுருக்கமான முன்வரலாறு

இசைத்தட்டுகள் நீண்ட காலம் வெற்றுக் காகித உறையில்தான் விற்கப்பட்டன. அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனத்தில் பணியாற்றிய அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் 1940இல் படம் வரைந்த உறையை அறிமுகப்படுத்தினார். அதன்பின் உறை, இசையின் முகமாயிற்று. புளூ நோட் நிறுவனத்தின் ஜாஸ் இசைத்தட்டுகளுக்கு ரீட் மைல்ஸ் 1950களிலும் 60களிலும் செய்த வடிவமைப்புகள் ஒன்றிரண்டு நிறங்களும் தடித்த எழுத்தும் பிரான்சிஸ் வுல்ஃபின் கறுப்பு வெள்ளைப் படங்களும் கொண்டவை. கலைஞரின் பெயரைப் படிக்கும் முன்பே இது இன்னார் வெளியீடு என்று கண்டுகொள்ளலாம்.

மலைப்பகுதிக் கலைஞருக்கு இன்னும் நெருக்கமான முன்மாதிரி, 1969இல் மூனிக் நகரில் மான்ஃப்ரெட் ஐக்கர் தொடங்கிய இ.சி.எம். நிறுவனம். சென்னையில் பிறந்த வயலின் கலைஞர் எல். ஷங்கரின் ஆல்பங்களும் அதில் வெளிவந்துள்ளன. மங்கிய வானம், வெறிச்சோடிய நிலம், கடல், சிறிய எழுத்து, நிறைய வெற்றிடம் ஆகியவை அதன் அடையாளமாகப் பல பத்தாண்டுகளாக நீடிக்கின்றன. ஒரே முடிவைத் திரும்பத் திரும்ப எடுக்கும் உறுதிதான் இந்த இரண்டு நிறுவனங்களையும் தனித்துக் காட்டியது.

பாட்டிலிருந்து தொடங்குதல்

தொனியை இடம் தருவதில்லை, பாட்டுதான் தருகிறது. இதை விளங்கிக்கொள்ள நீலகிரியில் எடுக்கப்பட்ட மூன்று படங்கள் போதும்.

பாலு மகேந்திரா இயக்கி ஒளிப்பதிவும் செய்த 'மூன்றாம் பிறை' (1982) கேத்தி, உதகைப் பகுதிகளில் எடுக்கப்பட்டது. இயற்கை ஒளி, அடங்கிய நிறங்கள், மழையில் நனைந்த மலை ரயில் நிலையத்தில் முடியும் கதை. ஒளிப்பதிவுக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. மணிரத்னம் இயக்கி, தமிழில் 'இதயத்தைத் திருடாதே' என்று வந்த 'கீதாஞ்சலி' (1989) படத்தில் பி.சி. ஸ்ரீராம் அதே உதகையை மூடுபனியாலும் பின்னொளியாலும் நிரப்பினார். 'உயிரே' (1998) படத்தின் 'தைய தையா' பாடலைச் சந்தோஷ் சிவன் நீலகிரி மலை ரயிலின் கூரைமீது படமாக்கினார். திறந்த வானம், ஓயாத அசைவு, பச்சை மலைச்சரிவுக்கு எதிரே நாயகனின் சிவப்பு மேலங்கி. மலை ஒன்றே. முதலாவது இழப்பையும் இரண்டாவது காதலையும் மூன்றாவது கொண்டாட்டத்தையும் சொல்கிறது. இவற்றில் ஒன்றின் படத்தை இன்னொன்றின் பாட்டுக்குப் போட்டால் பொருந்தாது.

தனி இசை வெளியீட்டில் நல்ல உதாரணம் 2021 மார்ச்சில் மாஜா நிறுவனம் வெளியிட்ட 'என்ஜாய் எஞ்சாமி'. சந்தோஷ் நாராயணன் தயாரிக்க, தீயும் அறிவும் பாடினார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழ்நாடு திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து அறிவு அந்தப் பாட்டை எழுதினார். பாட்டின் வேர் தோட்டத்தில் இருந்தாலும், அமித் கிருஷ்ணன் இயக்கிய காணொளி மண்ணையும் மூதாதையரையும் முன்னிறுத்தியது. தேயிலை என்ற தகவலைவிட, நிலத்தின் மீதான உரிமை என்ற உணர்வே பாட்டின் மையம் என்பதைப் படமாக்கியவர்கள் சரியாகப் பிடித்தார்கள்.

ஆகவே முதல் வேலை, பாடல்களைத் தொடர்ந்து கேட்டுவிட்டுத் தொனியை ஒரே வாக்கியத்தில் எழுதுவது. இந்த அத்தியாயம் முழுதும் பயன்படுத்த ஒரு கற்பனை வெளியீட்டை எடுத்துக்கொள்ளலாம். குன்னூர்ப் பக்கத்து இளம் பாடகர் ஒருவர் ஐந்து பாடல்கள் கொண்ட தொகுப்பை வெளியிடுகிறார். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டைக் குறிக்கும் 'லைன் வீடு' என்பது அதன் பெயர் என்று வைத்துக்கொள்வோம். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களுக்காக 1968இல் அரசு தேயிலைத் திட்டம் தொடங்கிற்று. அதுவே பின்னர் டான்டீ என்னும் கழகமாயிற்று. அந்தத் தோட்டங்களில் வளர்ந்த குடும்பத்தின் கதையே பாடல்கள். தொனி வாக்கியம் இப்படி அமையலாம்: 'விடியும் முன் எழுந்துவிட்ட வீட்டின் அமைதி, துக்கம் உண்டு, புலம்பல் இல்லை.'

இந்த வாக்கியம் எழுதப்பட்டதும் பல படங்கள் தாமாகவே விலகிவிடும். தாவரவியல் பூங்காவின் மலர்ப் பாத்தி, படகு இல்லம், மலை முகட்டில் கைவிரித்து நிற்கும் பாடகர் எதற்கும் இதில் இடமில்லை.

நிறம்

ஒரு வெளியீட்டுக்கு மூன்று நிறங்கள் போதும்: பரப்பை நிரப்பும் ஒன்று, துணையாக ஒன்று, கண்ணை இழுக்கும் சிறு அளவில் ஒன்று. மலையில் பரப்பு நிறத்தைக் காலம் தீர்மானிக்கிறது. டிசம்பர், ஜனவரியில் உதகையின் தாழ்வான புல்வெளிகளில், குறிப்பாகக் காந்தல், தலைகுந்தா பக்கங்களில், அதிகாலை உறைபனி வெள்ளையாகப் படியும். தென்மேற்குப் பருவமழை மாதங்களில் கூடலூர், பந்தலூர்ப் பக்கம் கரும்பச்சையும் சாம்பலுமாக இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளை நனைக்கும். தேயிலைக்கும் ஒரே பச்சை இல்லை. கொழுந்து மஞ்சள் கலந்த இளம்பச்சை, முற்றிய இலை கரும்பச்சை, கவாத்து முடிந்த தோட்டமோ பழுப்புக் குச்சிகளின் வரிசை. வறுமையையோ காத்திருப்பையோ பேசும் பாட்டுக்கு, பயணிகள் கேமராவைத் திருப்பாத அந்தக் கவாத்துத் தோட்டமே வலுவான பின்னணி.

'லைன் வீடு' தொகுப்புக்குத் தகரக் கூரையின் சாம்பல் பரப்பு நிறமாகவும், முற்றிய இலையின் கரும்பச்சை துணையாகவும், வாசல் பல்பின் மஞ்சள் சிறு புள்ளியாகவும் அமையலாம். வடிவமைப்பாளர், காணொளித் தொகுப்பாளர், அச்சகத்தார் மூவருக்கும் இந்த நிறங்களின் குறியீட்டு எண்களைக் கொடுக்கவேண்டும். 'கொஞ்சம் பனி மாதிரி, லேசான நீலம்' என்று வாயால் சொன்னால் மூன்று பேரும் மூன்று நீலத்தைப் போடுவார்கள்.

கறுப்பு வெள்ளையும் நீலகிரிக்கு அந்நியமல்ல. 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1967 முதல் உதகையில்தான் 'இந்து' என்ற பெயரில் படச்சுருள் தயாரித்தது. அந்தத் தலைமுறையின் குடும்பப் படங்களில் தெரியும் மணற்துகள் போன்ற தன்மை, நினைவுகளைப் பேசும் தொகுப்புக்குப் பொருந்தும். ஆனால் கறுப்பு வெள்ளை என்று முடிவுசெய்தால் முகப்பு முதல் ரீல்ஸ் வரை அதுவே இருக்கவேண்டும். பாதியில் வண்ணத்துக்குத் தாவுவது தொனியை உடைக்கும்.

காலப்பொய்யும் தொனியைக் கெடுக்கும். நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது. இணையத்தில் கிடைத்த குறிஞ்சிப் படத்தை இந்த ஆண்டுப் பாட்டுக்கு ஒட்டினால், மலைக்காரர்கள் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஒளியும் பனியும்

மூடுபனியில் எடுக்கும் படங்கள் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் போவதற்குப் பெரும்பாலும் கேமராவின் தானியங்கி அமைப்பே காரணம். பனி வெண்மையாக இருப்பதால், வெளிச்சம் அதிகம் என்று கேமரா நினைத்துப் படத்தை இருட்டாக்குகிறது. பனி அழுக்குச் சாம்பலாகத் தெரியும். ஒளி அளவை முக்கால் முதல் ஒரு ஸ்டாப் வரை கூட்டினால் பனி பனியாக வரும். கைப்பேசியில் திரையைத் தொட்டு, பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியை மேலே நகர்த்தினாலே போதும்.

வெண்சமநிலையையும் தானியங்கியில் விடக்கூடாது. அதிகாலைப் பனியின் நீலத்தைப் பிழை என்று கருதிக் கேமரா அதைத் திருத்திவிடும். ஐந்து நிமிடம் கழித்து எடுத்த படத்தில் வேறொரு நீலம் இருக்கும். 5500 கெல்வின் என்று நிலைநிறுத்திவிட்டால், காலை முழுதும் எடுத்த படங்கள் ஒரே குடும்பமாக இருக்கும். ரீல்ஸுக்காகக் கைப்பேசியில் எடுப்பவரும் இதே எண்ணைப் பின்பற்றவேண்டும். பெரிய கேமராவும் கைப்பேசியும் ஒரே நேரத்தில் இயங்கும் இடத்தில்தான் தொனி முதலில் சிதறுகிறது.

பனி தூரத்தையும் நிறத்தையும் விழுங்கும். பாடகர் சாம்பல் நிற ஸ்வெட்டர் போட்டால் காணாமல் போவார். கண்ணை இழுக்கும் மூன்றாவது நிறத்தை உடையில் வைப்பது நல்லது: ஒரு மஞ்சள் மஃப்ளர், ஒரு கம்பளியின் கரை. நண்பகல் வெயில் மலையில் கூர்மையானது. தொனி அமைதி என்றால் அந்த நேரத்தில் உட்புறக் காட்சிகளை எடுத்துக்கொள்ளலாம்.

கருவிகளையும் கவனிக்கவேண்டும். குளிர்ந்த கேமராவைக் கதகதப்பான அறைக்குள் கொண்டுவந்தாலும், மேட்டுப்பாளையத்துக்கு இறங்கியதும் திறந்தாலும் லென்ஸில் நீர் படியும். உள்ளே வரும் முன் காற்றுப் புகாத பைக்குள் மூடி, அறை வெப்பத்துக்கு வந்தபின் திறப்பதே வழி.

தூரம்

ஒரு தொகுப்பின் படங்கள் மனிதரை எவ்வளவு நெருக்கத்தில் காட்டுகின்றன என்பதும் தொனிதான். இரண்டு தூரங்களை மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. 'லைன் வீடு' தொகுப்புக்கு ஒன்று, வரிசை வீடுகளோடு சிறிதாகத் தெரியும் மனிதர். மற்றொன்று, கை, அடுப்பு, கூடையின் பட்டை என்று மிக அருகில் தெரியும் பொருள். இடைப்பட்ட தூரத்தில் சிரித்துக்கொண்டு நிற்கும் படத்தைப் பத்திரிகைக்கான ஒளிப்படத்துக்கு மட்டும் ஒதுக்கலாம், அதுவும் இதே நிறத்திலும் ஒளியிலும்.

மனிதர்களும் அனுமதியும்

கொழுந்து பறிக்கும் பெண்களின் படம் நீலகிரி வெளியீடுகளில் மிக எளிதாக நுழையும் அலங்காரம். அவர்கள் வேலை செய்துகொண்டிருப்பவர்கள். தோட்ட நிர்வாகத்தின் அனுமதி ஒருபுறம் இருக்க, படத்தில் வருபவரின் சம்மதம் தனியாகத் தேவை. படம் எதற்கு, எங்கே வரும் என்று சொல்லி, முடிந்ததைக் காட்டி, உரிய ஊதியமும் தருவதே முறை.

பழங்குடிகளின் கலைவடிவங்களுக்கும் இது பொருந்தும். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகத் தோடர் பெண்கள் செய்யும் பூத்தையலுக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை நகலெடுத்துப் போஸ்டரின் கரையாக ஓட்டுவது திருட்டுக்குச் சமம். கோத்தர்களின் கொள் குழலும் கொம்பும் பாட்டில் ஒலித்தால், அவற்றை வாசித்தவர்கள் படத்திலும் பெயர்ப் பட்டியலிலும் வரவேண்டும்.

இடங்களுக்கான அனுமதிகளை முன்கூட்டியே வாங்கவேண்டும். மலை ரயிலுக்குத் தெற்கு ரயில்வே, அரசுத் தாவரவியல் பூங்காவுக்குத் தோட்டக்கலைத் துறை, காடுகளுக்கும் முதுமலைக்கும் வனத்துறை. வனப்பகுதியில் டிரோன் பறக்கவிடும் எண்ணத்தை விட்டுவிடுவது நல்லது. 2024 மே முதல் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் நடைமுறையும் உள்ளது.

எழுத்து

முகப்பிலும் போஸ்டரிலும் லிரிக் வீடியோவிலும் ஒரே எழுத்துரு இருந்தால், படமே இல்லாத இடத்திலும் தொனி தொடரும். முக்தா மலர், கட்டமரன், நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற யூனிகோட் எழுத்துருக்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. தலைப்புக்கு ஒன்று, மற்ற விவரங்களுக்கு ஒன்று என்று இரண்டோடு நிறுத்திக்கொள்ளவேண்டும்.

தமிழ் எழுத்தில் தனியாகக் கவனிக்கவேண்டியவை மூன்று. முதலாவது புள்ளி. மெல்லிய எழுத்துருவில் தலைப்பைப் போட்டுக் கைப்பேசியில் நகத்தளவுக்குச் சுருக்கினால் புள்ளி மறைந்துவிடும். 'லைன் வீடு' என்பது 'லைன வீடு' ஆகிவிடும். ஆகவே தலைப்புக்குத் தடித்த வடிவமும் தெளிவான புள்ளியும் உள்ள எழுத்துரு வேண்டும். இரண்டாவது எழுத்திடைவெளி. ஆங்கிலப் பெரிய எழுத்துகளைப் பரப்பி வைப்பதைப் போலத் தமிழைப் பரப்பினால் கொம்பும் காலும் தாய் எழுத்தை விட்டுத் தனியே நிற்கும். மூன்றாவது மென்பொருள். இந்திய மொழி அமைப்பு இயக்கப்படாத வடிவமைப்பு மென்பொருளில் 'கொ', 'தோ' போன்றவை உடைந்து, கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய்விடும். அச்சுக்கு அனுப்பும் முன் தமிழ் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு எழுத்தாகப் படித்துப் பார்க்கவேண்டும்.

பெயர்ப் பட்டியலும் எழுத்து வேலையின் பகுதியே. 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழின் அட்டையில் 'என்ஜாய் எஞ்சாமி' பாடலை எழுதிப் பாடிய அறிவு இடம்பெறாதது பெரும் விவாதமாயிற்று. பின்னர் அவர் இடம்பெற்ற டிஜிட்டல் அட்டை ஒன்று வெளிவந்தது. பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர், வாசித்தவர் பெயர்களை ஒரே தாளில், ஒரே வரிசையில், ஒரே எழுத்துக்கூட்டலில் உறுதிசெய்து, வெளியே அனுப்பும் ஒவ்வொரு கோப்போடும் இணைக்கவேண்டும்.

வடிவங்களும் அளவுகளும்

ஒரே படத்தை எல்லா அளவுக்கும் வெட்டிப் பொருத்துவது நடக்காத காரியம். படம்பிடிக்கும்போதே ஒவ்வொரு காட்சியையும் கிடைமட்டமாகவும் செங்குத்தாகவும் எடுத்துக்கொள்ளவேண்டும்.

• முகப்புப் படம்: 3000க்கு 3000 பிக்சல் சதுரம். இணைய முகவரி, விலை, சமூக ஊடகப் பெயர் முதலியவை இதில் இருந்தால் இசைத் தளங்கள் நிராகரிக்கும்.

• யூடியூப் தம்ப்நெயில்: 1280க்கு 720. வலது கீழ் மூலையில் நேரக் குறி வருவதால் அங்கே எழுத்து வைக்கக்கூடாது.

• இன்ஸ்டாகிராம் பதிவு: 1080க்கு 1350. ரீல், ஸ்டோரி: 1080க்கு 1920. மேலும் கீழும் பொத்தான்கள் மறைக்கும் பகுதியைக் காலியாக விடவேண்டும்.

• ஸ்பாட்டிஃபை கேன்வாஸ்: 3 முதல் 8 விநாடி செங்குத்துக் காட்சி. பனி நகர்வது, கூரையிலிருந்து நீர் சொட்டுவது போன்ற சிறு அசைவே போதும்.

• ஏ3 போஸ்டர்: 297க்கு 420 மில்லிமீட்டர். 300 டி.பி.ஐ. கணக்கில் 3508க்கு 4961 பிக்சல். முகப்புக்கு எடுத்த சதுரக் கோப்பு இதற்குப் போதாது, மூலப்படம் தேவை.

திரையில் அழகாகத் தெரியும் அடர்நீலம் அச்சில் ஊதாவாக மாறுவது வழக்கம். அச்சுக்கான சி.எம்.ஒய்.கே. கோப்பில் சயானைவிட மெஜந்தாவைக் குறைந்தது 30 விழுக்காடு குறைத்து வைத்தால் நீலம் நீலமாகவே நிற்கும். முழு எண்ணிக்கையை அச்சிடும் முன் ஒரே ஒரு பிரதியை எடுத்துப் பகல் வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். நீலகிரி, ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைத் தடைசெய்த மாவட்டம். ஃபிளெக்ஸ் பேனருக்குப் பதில் துணிப் பதாகையும் காகிதப் போஸ்டரும் அங்கு உரியவை. துணியில் நிறங்கள் சற்று மங்கும் என்பதால் அதற்கும் ஒரு மாதிரி எடுத்துப் பார்ப்பது நல்லது.

வெளியீட்டு வரிசை

ஆறு வாரத் திட்டம் ஒரு சிறு தொகுப்புக்குப் போதுமானது. முதல் வாரத்தில் தொனி வாக்கியமும் நிற எண்களும் எழுத்துருவும் கொண்ட ஒரு பக்கக் குறிப்புத் தாள் தயாராகவேண்டும். இரண்டாம் வாரத்தில் படப்பிடிப்பு. மழை, பனி காரணமாக ஒரு நாள் கூடுதலாக ஒதுக்கவேண்டும். மூன்றாம் வாரத்தில் முகப்பை முடித்து விநியோக நிறுவனத்துக்கு அனுப்பிவிடலாம். நான்காம் வாரத்தில் எழுத்தோ முகமோ இல்லாத அருகாமைப் படத்தோடு முதல் அறிவிப்பு. ஐந்தாம் வாரத்தில் முகப்பும் டீசரும். ஸ்பாட்டிஃபை பட்டியல்களுக்கான விண்ணப்பம் வெளியீட்டுக்குக் குறைந்தது ஏழு நாள் முன்பே போய்ச்சேரவேண்டும். ஆறாம் வாரத்தில் பாடல்களும் லிரிக் வீடியோவும் போஸ்டரும். வெளியீட்டுக்குப் பின் வரும் நன்றிப் பதிவுக்கும் கச்சேரி அறிவிப்புக்கும்கூட அதே குறிப்புத் தாளே அளவுகோல்.

சரிபார்ப்பு

எல்லாம் முடிந்ததும் அத்தனை படங்களையும் சிறிதாக்கி ஒரே பக்கத்தில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டி, ஆறடி தள்ளி நின்று பார்க்கவேண்டும். எது மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு தெரிகிறதோ அதை மாற்றவேண்டும், அது எவ்வளவு அழகாக இருந்தாலும். பிறகு பாட்டைக் கேட்டிராத ஒருவரிடம் படங்களை மட்டும் காட்டி, இது எப்படிப்பட்ட பாட்டு என்று கேட்கலாம். அவர் சொல்வது தொனி வாக்கியத்துக்கு அருகில் இருந்தால் வேலை முடிந்தது.

நல்ல படம் ஒன்றை ஒதுக்க மனம் வராத கட்டம் ஒவ்வொரு வெளியீட்டிலும் வரும். அப்போது கேட்கவேண்டியது, இது பாட்டின் படமா, ஊட்டியின் படமா என்பதுதான். ஊட்டியின் படம் என்றால், தயங்காமல் விட்டுவிடுங்கள்.